சிவப்பு எச்சரிக்கை வந்தால் எங்கே போவது?

மலைநாட்டில் மழை பிடித்துக்கொண்டால் மூன்று எண்கள்தான் பேச்சு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள் எச்சரிக்கை. 100-ஐத் தாண்டினால் செம்மஞ்சள். 150-ஐத் தொட்டாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டித் தீர்த்தாலோ சிவப்பு. மண்சரிவு எச்சரிக்கைக்காகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துவைத்திருக்கும் அளவுகள் இவை. மஞ்சளென்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சளென்றால் மூட்டையைக் கட்டி ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பென்றால் எழுந்து போய்விட வேண்டும்.

இந்த அளவுகளில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. மழைப் பதிவுகளையும் சரிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்து வகுத்தவை. அவற்றை நம்பி எழுந்துபோய் உயிர் தப்பியவர்கள் உண்டு. என் கேள்வி அந்தக் கடைசி வார்த்தையில் இருக்கிறது. நள்ளிரவில் சிவப்பு வருகிறது. ஏதோ ஒரு தோட்டத்து லயன் காம்பிராவில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள், பாட்டியும் பேத்தியும் கைக்குழந்தையுமாக ஆறு பேர் படுத்திருக்கிறார்கள். அவர்கள் எழுந்து எங்கே போவார்கள்? பக்கத்து லயனும் அதே சரிவில்தான் நிற்கிறது. பாடசாலை அதற்கும் கீழே. கோயில் ஆற்றோரம். தொழிற்சாலை பூட்டிக் கிடக்கிறது.

இலங்கையில் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு மழை பெய்யும் என்பதை நூறாண்டுக்கு மேலாக அளந்து எழுதிவைத்திருக்கிறோம். எந்தச் சரிவு ஆபத்தானது என்பதும் பெரும்பாலும் வரைபடத்தில் ஏறிவிட்டது. இவ்வளவும் தெரிந்திருந்தும் அதே மலைகளில் அதே மக்கள் புதைந்துபோகிறார்கள். அந்தச் சரிவை விட்டு எழுந்து போக அவர்களுக்கென்று ஒரு துண்டுக் காணி இல்லை. மழையைப் பற்றி எத்தனை நுட்பமாக முன்னறிவித்தாலும் இந்த ஒன்று தீராதவரை சாவு தீராது என்பதே என் வாதம்.

நான்கு பருவம், நடுவில் ஒரு மலை

இந்தத் தீவின் மழையைப் புரிந்துகொள்ள அதன் நடுவில் எழுந்து நிற்கும் மலைத்திரளைப் பார்த்தால் போதும். உயரமான பேதுருதாலகால சிகரம் 2,524 மீற்றர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மேற்குச் சரிவில் மோதுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரை பெய்வது இதனால்தான். மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்றில் ஈரமில்லை; இறங்க இறங்கச் சூடேறுகிறது. பதுளையிலும் மட்டக்களப்பிலும் அதைக் கச்சான் என்பார்கள். ஹட்டனில் போர்வைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஜூலை மாதத்தில் பதுளையில் கிணறு வற்றும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்த தனி மணமும் இந்தக் காய்ந்த காற்றின் கொடைதான்.

டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை ஆட்டம் மாறுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து வந்து கிழக்குச் சரிவை நனைக்கிறது. யாழ்ப்பாணத்துக் காலபோகமும் வன்னி, மட்டக்களப்பு வயல்களும் இந்த மாரியை நம்பித்தான் விதைக்கப்படுகின்றன. மன்னார்க் கரைக்கும் அம்பாந்தோட்டைப் பக்கத்துக்கும் ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 1,000 மில்லிமீற்றர் தேறுவது அரிது. குறுக்காக அளந்தால் 225 கிலோமீற்றரைத் தாண்டாத தீவுக்குள் இந்த ஐந்து மடங்கு வித்தியாசம்.

இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில் வரும் மழைகளைப் பாடப்புத்தகம் இடைப்பருவ மழை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகலெல்லாம் வெயில் எரித்துவிட்டுப் பின்னேரம் இடியும் மின்னலுமாக வரும். வயலில் நிற்பவர்களை மின்னல் அடிக்கும் மாதங்கள் அவை. ஆனால் அஞ்ச வேண்டியது ஒக்டோபர், நவம்பர். ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த இரண்டு மாதங்களில் வந்துவிடும். அதற்குக் கிழக்கு, மேற்கு என்ற பாகுபாடு கிடையாது. தீவு முழுவதும் நனையும். மேற்குச் சரிவு நான்கைந்து மாதம் பருவமழை குடித்து ஏற்கெனவே ஊறிப்போயிருக்கும். கிழக்குச் சரிவு காய்ந்து வெடித்துக் கிடக்கும். வெடிப்பு வழியாக நீர் நேரே உள்ளே இறங்கும். இந்த நேரத்தில்தான் வங்காள விரிகுடா கொதிக்கத் தொடங்குகிறது.

காற்றும் நீரும்

புயல் என்றால் கிழக்கு மாகாணத்தில் மூத்தவர்கள் இன்றைக்கும் சொல்வது 1978. நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய அந்தப் புயலில் 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. அதற்கு முன் 1964 டிசெம்பரில் வந்த புயல் மன்னார்ப் பக்கத்தையும் அக்கரையில் தனுஷ்கோடியையும் சேர்த்து அடித்தது. பாக்கு நீரிணையின் இரு கரையும் ஒரே இரவில் இழவு வீடானது. அந்த இரண்டு புயல்களும் எங்கள் மனதில் பதிந்தது காற்றாகத்தான். ஓட்டைப் பிடுங்கும், மரத்தை முறிக்கும், கடலைக் கரைக்கு ஏற்றும். புயலென்றால் கரையோரத்தவரின் கவலை என்று மலைநாட்டில் நினைத்துப் பழகியதும் அதனால்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா அந்த நினைப்பை உடைத்தது. காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் அது பெரிய புயலே அல்ல. நவம்பர் 28 கிழக்குக் கரையில் ஏறியது. விரைந்து கடந்து போகாமல் தீவின் மேலேயே ஊர்ந்தது. அது நின்று இறைத்த நீர்தான் கொன்றது. இறந்தோர் தொகை 600-ஐக் கடந்தது. அதிகம் பறிகொடுத்தவை கரையோர மாவட்டங்கள் அல்ல. கண்டி, பதுளை, நுவரெலியா. கடலிலிருந்து அத்தனை தூரத்தில், அத்தனை உயரத்தில் இருந்தவர்கள் ஒரு கடற்புயலுக்குப் பலியானார்கள். வீதிகளும் ரயில் பாதையும் அறுந்து, தொலைபேசிக் கோபுரங்கள் சாய்ந்து, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது தெரியாமல் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உறவுகள் நாட்கணக்கில் தவித்தன.

புயல் தீவைத் தொடவும் வேண்டியதில்லை. 2016 மே 17 அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி நூறுக்கும் மேற்பட்டவர்களை மூடியது. அந்த மழையைக் கொண்டுவந்த தாழமுக்கம் பிறகு ரோனு புயலாக வடக்கே போய்விட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறைப் பக்கம் வெள்ளமும் மண்சரிவும் 200-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. சில வாரங்களுக்கு முன்வரை அதே நாடு கடும் வறட்சிக்கு நிவாரணம் கொடுத்துக்கொண்டிருந்தது. வளிமண்டலம் ஒரு பாகை சூடேறினால் அதனால் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்க முடியும் என்பது இயற்பியல். காய்ச்சலும் நீளும், கொட்டினால் ஒரேயடியாகவும் கொட்டும். டித்வா போன்ற மழையை இனி நூற்றாண்டுக்கொரு முறை என்று தள்ளிவைக்க முடியாது.

சமவெளி வெள்ளத்துக்கும் மலைச்சரிவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆறு பொங்கினால் நேரம் கிடைக்கும். களனி ஆற்றின் மட்டத்தை நாகலகம் வீதியில் நீண்ட காலமாக அளந்துவருகிறார்கள். மேலே மழை பெய்தால் கொழும்புக்கு எப்போது நீர் வரும் என்று மணிக்கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. குளம் நிறைந்தாலும் அப்படித்தான். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்து நீர் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்களுக்குள் புகுந்தபோது வான்கதவுகளை நேரத்தோடு திறந்தார்களா என்ற கேள்வி எழுந்து விசாரணை வரை போனது. திறக்கக் கதவாவது இருந்தது; கேள்வி கேட்க ஆளும் இருந்தது. மலை இறங்கும்போது சில நிமிடங்கள்தான். அதற்கு முன்பே எழுந்து போயிருக்க வேண்டும். ஆகவே மலையில் முன்னெச்சரிக்கையின் பெறுமதி முழுவதும் அதைக் கேட்டவர் எழுந்துபோகக் கூடியவரா என்பதில் தங்கியிருக்கிறது.

லயன் எங்கே கட்டப்பட்டது

மலை ஏன் சரிகிறது? பாறை ஆயிரமாயிரம் ஆண்டுகளாக உக்கி மேலே மண் போர்த்தியிருக்கிறது. எப்போதோ சரிந்து வந்த கல்லும் மண்ணும் பள்ளங்களில் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலுக்குள் நீர் இறங்கி நிறைந்தால் மண்துகள்களுக்கு இடையில் அழுத்தம் ஏறி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்த பிடி விட்டுப்போகும். பெருங்காடு இருந்தபோது ஆழ வேர்கள் பிடித்துவைத்திருந்தன. 1830களிலிருந்து கோப்பிக்காக அந்தக் காடு வெட்டப்பட்டது. 1869-இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு, ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரவில் தொடங்கிவைத்த தேயிலை அந்த மலைகளில் ஏறியது. வெள்ளைக்காரத் துரைமார் மண்ணின் குணம் அறியாதவர்கள் அல்ல. நீர் தேங்காமல் வழிந்தோட வேண்டுமென்று சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கான் வெட்டவைத்தார்கள். கான் வெட்டு என்பது தோட்டத்தில் தனி வேலை; அதற்குத் தனி ஆட்கள், தனிக் கணக்கு. நல்ல தோட்டமென்றால் மழைக்கு முன் கான் எல்லாம் மண் அள்ளிச் சுத்தமாக இருக்க வேண்டும். இன்று ஆட்கள் குறைந்து, செலவு குறைந்து, பல தோட்டங்களில் கான்கள் தூர்ந்து புல் மூடிக் கிடக்கின்றன. மழைநீர் ஓட வழியில்லாமல் உள்ளே இறங்குகிறது. மண்சரிவைப் பற்றிய பேச்சில் வானத்தைப் பற்றிப் பேசுமளவுக்கு இந்தக் கான்களைப் பற்றிப் பேசுவாரில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

லயன்களை எங்கே கட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல மண்ணுள்ள நிலம் தேயிலைக்கு. காற்றும் காட்சியும் நன்றாக அமைந்த மேடு பங்களாவுக்கு. மிச்சமிருந்த பள்ளமும் ஓடைக்கரையும் கூலிகளுக்கு. பழைய சரிவுக் குவியல்கள் ஓரளவு சமமாக இருக்கும், பக்கத்தில் தண்ணீரும் இருக்கும் என்பதால் பல இடங்களில் லயன் வரிசை அவற்றின் மேலேயே எழுந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செலவைக் குறைக்க எடுத்த ஒரு முடிவின் மேல் இன்றைக்கும் பிள்ளைகள் படுத்துறங்குகிறார்கள்.

அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படியொரு லயனுக்குப் போயிருந்தேன். தொங்கல் காம்பிராவின் இஸ்தோப்பில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை தரையில் ஒரு வெடிப்பு. விரல் நுழையும். மேலே பூசிய சிமெந்தும் நடுவில் பிளந்திருந்தது. லயனுக்குப் பின்னால் மண்கட்டில் ஓர் ஊற்று. முன்பெல்லாம் தெளிந்த நீர் வந்த அந்த ஊற்றில் அன்று செம்மண் கலங்கி வந்துகொண்டிருந்தது. தரையில் வெடிப்பு, மரங்கள் சாய்வது, ஊற்று கலங்குவது, திடீரென்று நின்றுபோவது: மலை நகரத் தொடங்கியதன் அடையாளங்கள் என்று அதிகாரிகள் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுப்பவை இவைதான். அந்த வீட்டு அம்மாவுக்கு அத்தனையும் தெரிந்திருந்தது.

“சிமெந்து பூசி அடைச்சோம் தம்பி. ஐப்பசி மழைக்கு மறுபடியும் வாயைத் தொறந்துருச்சு” என்றார். “எந்திரிச்சுப் போகச் சொல்லி கடுதாசி குடுத்தாங்க. எங்க போறதுன்னு அதுல எழுதலயே.”

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கடிதத்தை எடுத்துவந்து காட்டினார். பொலித்தீன் உறைக்குள் போட்டு, அடையாள அட்டைப் பிரதிகளோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார். இடம் ஆபத்தானது, உடனே வெளியேறவும் என்று இருந்தது. அவர் பெயரில் இருந்த ஒரே அரசாங்கக் கடிதம், இருக்கும் இடத்தை விட்டுப் போகச் சொல்லும் கடிதம்.

மீரியபெத்தையில் நடந்தது

2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம். காலை ஏழு மணிக்கு மேல் மலை இறங்கி லயன் வரிசைகளையும் கோயிலையும் மூடியது. பாடசாலைக்குக் கிளம்பிவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை வந்ததா, வரவில்லையா என்பதில் அன்றைக்குக் குழப்பமில்லை. வந்திருந்தது. அதைக் கேட்ட பிறகும் மக்கள் ஏன் போகவில்லை என்று சிலர் தொலைக்காட்சியில் கேட்டார்கள். போவதற்கு வேறு காணி காட்டப்படவில்லை. தோட்டத்தில் வேலையில்லாவிட்டால் அந்தக் காம்பிராவும் இல்லை. பெயர்ந்துபோனால் வேலையும் போகும், பிள்ளைகளின் பாடசாலையும் போகும். அன்றாடம் நாட்சம்பளத்தில் அடுப்பெரியும் வீட்டில், எப்போது வருமென்று தெரியாத சரிவுக்காக இன்றைய சோற்றை விடச் சொல்லி யார் கேட்க முடியும்?

இன்னொன்றும் அன்று வெளியே தெரிந்தது. எத்தனை பேர் புதைந்தார்கள் என்று சொல்ல எவராலும் முடியவில்லை. முதல் நாள் நூற்றுக்கணக்கில் சொன்ன தொகை, பிறகு சில பத்துகளாக இறங்கியது. எந்தக் காம்பிராவில் யார் குடியிருந்தார்கள் என்பதற்கு ஒழுங்கான பதிவு இல்லை. உயிரோடு இருந்தபோது எண்ணப்படாதவர்களை இறந்த பிறகு எப்படி எண்ணுவது? தப்பியவர்கள் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 75 வீடுகள் 2016 ஒக்டோபரில் கையளிக்கப்பட்டன. மலை இறங்கி முடிந்த பிறகு கிடைத்த காணி, இறங்குவதற்கு முன் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு இன்றுவரை எவரும் பொறுப்பாகப் பதில் சொல்லவில்லை.

காணி இல்லாதவருக்கு எச்சரிக்கை

இந்த நிலை தானாக வந்ததல்ல. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்தத் துன்பத்தின் கடைசி முடிச்சு 2003-இல் வந்த சட்டத்தோடுதான் அவிழ்ந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தபோது காணியில்லாத கிராமத்தவருக்குப் பங்கு கிடைத்தது. அந்த மண்ணைப் பண்படுத்தியவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1992-இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனபோதும் லயனில் இருந்தவர் குத்தகை நிலத்தோடு சேர்ந்த ஒரு பொருளாகவே கைமாறினார். தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவோ மதகு கட்டவோ பிரதேச சபைக்கு அதிகாரம் வந்தது 2018-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு. அதுவரை மழைநீர் வடிய ஒரு வடிகால் கட்டுவதற்குக்கூடத் தோட்ட எல்லைக்குள் உள்ளூராட்சி நுழைய முடியாது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், எச்சரிக்கைக் கடிதத்தில் போகுமிடம் ஏன் எழுதப்படவில்லை என்பது விளங்கும். எழுத வேண்டியவர் யார் என்பதே தீர்மானிக்கப்படவில்லை. அரசு காணி கம்பெனியிடம் என்கிறது. கம்பெனி வீடமைப்பு அரசின் பொறுப்பு என்கிறது. கடிதம் மட்டும் வீடு தேடி வந்துவிடுகிறது.

7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டமும் இந்திய உதவியில் கட்டப்படும் வீடுகளும் நல்ல தொடக்கம்தான். அந்த வீடுகளில் குடியேறிய குடும்பங்களின் முகத்தில் தெரியும் நிமிர்வை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் லயன்களின் தொகையோடு ஒப்பிட்டால் வேகம் போதாது. ஆபத்தான சரிவில் இருப்பவருக்கு முதலிடம் என்ற வரிசையும் எல்லா இடத்திலும் பேணப்படவில்லை. தொழிற்சங்கச் செல்வாக்கும் தேர்தல் கணக்கும் வீட்டைத் தீர்மானிக்கும் இடங்களில் மண்சரிவு வரைபடம் மேசையிலேயே இருந்துவிடுகிறது. இதோடு இன்னொரு அபாயமும் சேர்கிறது. புதிய வீட்டுக்காக மலையை இயந்திரத்தால் செங்குத்தாக வெட்டி, நீர் வடிய வழி விடாமல் தளம் போட்டால், பழைய சரிவிலிருந்து எழுப்பியவரைப் புதிய சரிவில் உட்காரவைத்ததாகிவிடும். மண் பரிசோதனை முடிந்து எழுத்தில் அனுமதி வராத இடத்தில் ஒரு கல்லும் வைக்கக்கூடாது.

உறுதிப்பத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். லயன் இடிந்தால் அது யாருடைய வீடு? கட்டடம் தோட்டத்துடையது, காணி அரசுடையது, உள்ளே இருந்த கட்டிலும் சட்டியும் மட்டும் அவர்களுடையவை. வீட்டுக்கு நட்டஈடு என்று அறிவித்தால் வீடே இல்லாதவருக்கு எந்தப் படிவத்தில் கொடுப்பது என்று அலுவலகத்தில் கைவிரிப்பார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி இருந்தால்தான் இந்தக் கைவிரிப்பு நிற்கும். குழந்தைகளோடு மழையில் எழுந்து போகிறவள் அனேகமாக அம்மாதான். அவள் பெயர் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

மொழியும் ஒரு நாள் பேரும்

காணி கொடுக்கக் காலமெடுக்கும். அதுவரை உயிரைக் காக்க இரண்டு காரியங்கள் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை.

ஒன்று, தமிழில் எச்சரிக்கை. டித்வா நாட்களில் அரச நிறுவனங்களின் அறிவித்தல்கள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. நுவரெலியாவிலும் பதுளையிலும் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. தமிழ் அரசகரும மொழி என்பது 1987 முதல் அரசியலமைப்பில் இருக்கிறது. மண்சரிவில் இரண்டு மணி நேரத் தாமதம் மொழிபெயர்ப்பாளரின் விடுமுறைக் கணக்கில் எழுதித் தள்ளிவிடக்கூடிய விடயமல்ல. சிங்களமும் தமிழும் ஒரே நேரத்தில் வெளிவராத எச்சரிக்கை வெளிவந்ததாகவே கொள்ளப்படக்கூடாது. ஊர்ப்பெயரும் தோட்டத்துக்காரர் சொல்லும் பெயராக இருக்க வேண்டும். பிரதேச செயலகப் பிரிவின் பெயரைச் சொன்னால் அது எந்த டிவிசன், மேற்கணக்கா பணியக்கணக்கா என்று லயனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? மாவட்டம் முழுவதற்கும் ஒரு நிறம் அறிவிப்பதால் பயனும் குறைவு. ஒரே தோட்டத்தில் இந்தத் தொங்கலில் 40 மில்லிமீற்றரும் அந்த மலைக்கு அப்பால் 160-உம் பெய்வது மலைநாட்டில் சாதாரணம். ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு சாதாரண மழைமானியும், அதைப் படித்துச் சங்கு ஊதப் பழகிய இரண்டு இளைஞர்களும் இருந்தால் போதும். சில கிராமங்களில் இந்த ஏற்பாடு ஏற்கெனவே நடக்கிறது. தோட்டங்களில் அதை விதியாக்க வேண்டும்.

இரண்டாவது, பேர். தோட்டத்தில் வேலைக்குப் போனால் முழுப்பேர், மழையில் பாதியில் திரும்பினால் அரைப்பேர், போகாவிட்டால் ஒன்றுமில்லை. சிவப்பு எச்சரிக்கைக்கு முகாமுக்குப் போகிற தொழிலாளி அன்றைய பேரை இழக்கிறார். மலை இறங்கவில்லையென்றால் அந்த இழப்பு மட்டுமே மிச்சம். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை யார் போவார்கள்? மக்கள் எச்சரிக்கையை அலட்சியம் செய்கிறார்கள் என்று எழுதுகிற அறிக்கைகளில் இந்தக் கணக்கைக் காணோம். எச்சரிக்கையின்படி வெளியேறிய நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். அந்தச் செலவை அரசும் கம்பெனியும் பகிர்ந்துகொள்ளட்டும். சம்பளச் சபைப் பேச்சிலும் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலும் தொழிற்சங்கங்கள் இதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும். சந்தா வாங்கும் சங்கத்துக்கு அங்கத்தவரின் உயிரை விடப் பெரிய வேலை வேறென்ன?

போகுமிடத்தையும் முன்பே தீர்மானிக்கலாம். எந்தத் தோட்டத்துக்கு எந்த மண்டபம், அது எந்தச் சரிவில் நிற்கிறது, மலசலகூடம் எத்தனை, பாலூட்டும் தாய்மாருக்குத் தனியிடம் உண்டா, சாவி யாரிடம், இரவு பன்னிரண்டுக்கு அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்பதை ஒரு தாளில் எழுதிப் பெரட்டுக்களத்தில் ஒட்டிவைக்கலாம். தோட்ட முகாமையாளரும் கிராம அலுவலரும் சங்கத் தலைவரும் அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டும். காம்பிரா வாரியாக யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியலின் ஒரு பிரதி அந்தச் சரிவுக்கு வெளியே இருக்க வேண்டும். தூர்ந்த கான்களைத் துப்புரவாக்கும் வேலைக்கு ஆட்களையும் பேரையும் ஒதுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நாட்காட்டி நம் கையில் இருக்கிறது. வட்டவளை, ஹட்டன் பக்கத்துக்குத் தென்மேல் மழை மே மாதத்தில் ஏறும்; அங்கே ஏப்ரல் முடிவதற்குள் முடித்தாக வேண்டும். பதுளை, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துக்குச் செப்டெம்பர் வரை தவணை.